பருவம் முடிந்த பொருள்கள்: எதை ஒதுக்கி வைப்பது, எதை வைக்கவே கூடாது

வெயில் முடிந்ததும் ஏர் கூலர், குளிர் முடிந்ததும் கம்பளிப் போர்வை, மழை ஓய்ந்ததும் மழைக்கோட்டு என்று ஒவ்வொரு பருவமும் போகும்போது வீட்டில் ஒரு குவியலை விட்டுவிட்டுப் போகும். அதை மூட்டை கட்டி மேலே ஏற்ற வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. அந்தக் குவியலோடு சேர்ந்து ஏறும் மற்றவைதான் தொல்லை: ரிப்பேரான மிக்ஸி, அளவு சிறுத்துப்போன ஷூ, யாரோ கொடுத்த விளக்கு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்து வைத்த கம்பிகள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் பரண் நிறைந்திருக்கும். அதில் பருவத்துக்கு ஏறி இறங்குவது கால்வாசிகூட இருக்காது.

முதல் முறையாகச் செய்பவர்களுக்கு ஒரு அளவுகோல் போதும். ஒரு பொருளைக் கையில் எடுத்ததும், அது எந்த மாதம் திரும்ப இறங்கும் என்று சொல்லிப் பாருங்கள். மாதத்தின் பெயர் வாயில் வந்தால் அது பருவப் பொருள். 'பார்க்கலாம்', 'எப்பவாவது' என்று வந்தால் அதை வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா என்பதை இன்றே தீர்த்துக்கொள்ளுங்கள். பரணில் ஏற்றி அந்த முடிவைத் தள்ளிப்போடாதீர்கள். நினைவுக்காக வைத்திருக்கும் பொருள்களுக்கும் இந்த வேலையில் இடம் இல்லை. அவற்றுக்குத் தனியாக ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளைத் தொடும் முன் இடத்தை அளங்கள்

பெரும்பாலோர் பொருள்களைத் தரையில் பரப்பிவிட்டு அப்புறம் இடம் தேடுகிறார்கள். இடம்தான் முதலில். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: அளவு, சூடு, ஈரம்.

அளவில் கன அடிக் கணக்கு ஏமாற்றிவிடும். 6 அடி நீளம், 2 அடி ஆழம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு பரணை எடுத்துக்கொள்வோம். 18 கன அடி, அதாவது சுமார் 510 லிட்டர். 55 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று வெளியளவில் 66 லிட்டர் பிடிக்கும். காகிதத்தில் ஏழு டப்பா வர வேண்டும். உண்மையில் நான்குதான் நுழையும். பரணின் உயரம் 46 செ.மீ. என்பதால் ஒன்றின் மேல் இன்னொன்றை வைக்க முடியாது. அதே டப்பாவை 22 செ.மீ. உயரத்தில் வாங்கினால் இரண்டு அடுக்காக எட்டு வைக்கலாம். மொத்தக் கொள்ளளவு 264 லிட்டரிலிருந்து 387 லிட்டராகிறது. டப்பா வாங்கும் முன் அளவு எடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். கூடவே பரண் கதவின் திறப்பையும் அளக்க வேண்டும். உள்ளே இடம் இருந்து வாசல் குறுகலாக இருப்பது மிகச் சாதாரணம்.

சூட்டைப் பொறுத்தவரை, கூரைக்கு நேர் கீழே உள்ள இடம் வெளியே இருப்பதைவிட நன்றாகவே கொதிக்கும். மெழுகுவர்த்தி வளையும், செலோ டேப் பசை இளகும், நீச்சல் உடை போன்றவற்றில் இருக்கும் எலாஸ்டிக் இறுகி உதிரும், பேட்டரி கெடும். கட்டிலுக்கு அடியிலும், வீட்டின் நடுவில் உள்ள அலமாரியின் மேல் தட்டிலும் சூடு ஏறி இறங்குவது குறைவு. சூட்டில் பாழாகும் எதையும் அங்கேதான் வைக்க வேண்டும்.

ஈரம்தான் அதிகம் கெடுப்பது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 40 முதல் 55 வரை இருப்பது நல்லது. சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, வைக்கப்போகும் இடத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுவைத்து, காலையும் மதியமும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் 75, மதியம் 60 என்று காட்டும் இடத்தில் தோல், கம்பளி, காகிதம் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி, வாளி, தோட்டத்துக் குழாய் போன்றவற்றை அங்கே தாராளமாக வைக்கலாம். வெளிச்சுவரில் சுண்ணாம்பு பூத்திருந்தாலோ பெயிண்ட் உரிந்திருந்தாலோ கருவியே வேண்டியதில்லை, அந்தச் சுவர் நீரை இழுக்கிறது.

தரம் பிரித்தல்

ஒரு நேரத்தில் ஓர் அறை, அதிலும் ஓர் அலமாரி. முழு வீட்டையும் ஒரே நாளில் கவிழ்த்தால் மாலையில் களைப்பில் எல்லாவற்றையும் அள்ளி ஏதோ ஒரு பெட்டியில் போட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் வரிசையாக நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. எந்த மாதம் இறங்கும்? மேலே சொன்னதுதான். அந்த மாதம் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும் என்றால் ஏற்றவே வேண்டாம். துடைத்து, கட்டி, ஏற்றி, இறக்கும் உழைப்புக்கு அது ஈடாகாது.

2. இடையில் திடீரென்று தேவைப்படுமா? மழைக்காலம் முடிந்தாலும் ஒரு குடை கீழே இருக்க வேண்டும். குளிர் முடிந்தாலும் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரும், வீட்டுக்கு ஒரு கூடுதல் போர்வையும் எட்டும் இடத்தில் வேண்டும். காய்ச்சலும் பயணமும் பருவம் பார்த்து வருவதில்லை. இதை மறந்தவர்கள்தான் நடு ராத்திரியில் ஸ்டூல் போட்டு ஏறுகிறார்கள்.

3. இப்போது நல்ல நிலையில் இருக்கிறதா? ஜிப் போன ஜாக்கெட், இரைச்சல் போடும் ஃபேன், சரியாக விரியாத கூடாரம் எதையும் அப்படியே ஏற்றாதீர்கள். அடுத்த பருவம் தொடங்கும் வாரத்தில் எல்லோரும் அதே ரிப்பேருக்குக் கிளம்புவார்கள், உங்களுக்கு முறை வராது. சரி செய்து ஏற்றுங்கள், அல்லது கழித்துவிடுங்கள்.

4. இறங்கும்போது பயன்படுமா? வளரும் பிள்ளைகளின் துணியில் இந்தக் கேள்விதான் முக்கியம். இப்போது கச்சிதமாக இருக்கும் கோட்டு எட்டு மாதம் கழித்து ஏறாது. தம்பிக்கோ தங்கைக்கோ போகும் என்றால் அவர்கள் பெயரும், எந்த வயதுக்கான அளவு என்பதும் பெட்டியில் எழுதப்பட வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் இப்போதே கொடுங்கள். துணி புதிதாக இருக்கும்போதுதான் வாங்குபவருக்கும் உதவும்.

மற்றவருடைய பொருளுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து முழு வீட்டுக்கும் முடிவெடுத்தால், அடுத்த வாரமே பாதி பெட்டிகள் பிரிக்கப்படும்.

துணிகள்: அதிகம் கெடுவதும் இங்கேதான்

ஒரு முறை மட்டும் போட்ட உடையைத் 'துவைக்க வேண்டாம், சுத்தமாகத்தானே இருக்கிறது' என்று மடித்து வைப்பதுதான் மிகப் பெரிய தவறு. காலர், அக்குள், கை முனை ஆகிய இடங்களில் படிந்த வியர்வையும் எண்ணெய்ப் பசையும் உடனே கண்ணுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் காற்றோடு வினைபுரிந்து மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். வெள்ளைத் துணியில் சிந்திய நிறமற்ற பானத்தின் சர்க்கரையும் அப்படித்தான்; வைக்கும்போது ஒன்றும் இருக்காது, எடுக்கும்போது காப்பி சிந்தியது போல ஒரு வட்டம். துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சாய்த்து, காலரின் உள்மடிப்பைத் திருப்பிப் பாருங்கள். பாக்கெட்டுகளைக் கவிழ்த்து மூலையில் திரண்டிருக்கும் தூசியை எடுங்கள்.

அந்துப்பூச்சியும் இந்த அழுக்கைத் தேடித்தான் வரும். பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை. அதன் புழுதான் கம்பளி, பட்டு, இறகு, ரோமம் ஆகியவற்றை அரிக்கிறது. பருத்தியையும் செயற்கை இழையையும் பெரும்பாலும் விட்டுவிடும், ஆனால் அழுக்கு இருந்தால் அங்கேயும் கடிக்கும். ராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து பிடிக்கும். ஆகவே ஒதுக்கி வைக்கும் பருத்தித் துணிக்குக் கஞ்சி போடக் கூடாது. இஸ்திரி போட்டுக் கஞ்சி மொடமொடப்போடு வைத்தால் அழகாக இருக்கும், ஓட்டையும் விழும்.

ஏற்கெனவே பூச்சி இருக்கலாம் என்று சந்தேகம் உள்ள கம்பளியை ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு பையை உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லையென்றால் குளிர்ந்த துணியின் மேல் காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும்.

அந்துருண்டை பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் அடர்த்தியாகச் சேர்ந்தால்தான் புழு சாகும். அடிக்கடி திறக்கும் அலமாரியில் நாலு உருண்டை போட்டால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, அதைச் சுவாசிப்பது நீங்கள்தான். நாப்தலின் உருண்டையோடு கற்பூரத்தையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் சேர்ந்து இளகி, துணியில் எண்ணெய்க் கறை போல இறங்கும். சில வகை பிளாஸ்டிக் பொத்தான்களையும் அது மென்மையாக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு, நாப்தலின் ஏறிய துணியாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. சுத்தமாகத் துவைத்து, நன்றாக மூடும் டப்பாவில் வைத்த கம்பளிக்கு உருண்டையே தேவையில்லை.

துவைத்தாயிற்று. இனி உலர்த்துவது. வெயிலில் காய்ந்த துணியைச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால், இரவு குளிர்ந்ததும் மூடியின் உள்பக்கம் வியர்த்துவிடும். ஓரிரு மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். மழை நாளிலும் அதிகாலையிலும் மூட்டை கட்டாதீர்கள். காற்று உலர்வாக உள்ள நாளின் நண்பகலே சரியான நேரம். தொட்டால் காய்ந்திருக்கும் பருத்தித் துணியும் நீரை வைத்திருக்கிறது: ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும் அறையில், எடையில் ஏறக்குறைய 8 சதவீதம். 5 கிலோ துணி என்றால் 400 கிராம் நீர். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீரைத்தான் உறிஞ்சும். ஷூ பெட்டியில் வந்த இரண்டு கிராம் பொட்டலத்தை இங்கே போடுவது மனசாந்திக்கு மட்டும். 50 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் போட்டாலும் அது மீதி ஈரத்தைக் கொஞ்சம் சமன் செய்யும், அவ்வளவுதான். ஈரத் துணியை உலர்த்தாது. நிறம் மாறும் வகை வாங்கினால், நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

காற்றை உறிஞ்சிச் சுருக்கும் வேக்வம் பைகள் செயற்கைப் பஞ்சு மெத்தை விரிப்புக்கும் ஃப்ளீஸ் போர்வைக்கும் அருமை. இறகு நிரப்பிய ஜாக்கெட், ரஜாய், தூக்கப்பை ஆகியவற்றுக்கு ஆகாது. மாதக்கணக்கில் நசுங்கிய இறகு பழைய உப்பலுக்குத் திரும்பாது, உப்பல் போனால் கதகதப்பும் போயிற்று. இவற்றைப் பெரிய பருத்திப் பையில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கம்பளி ஸ்வெட்டரை ஹேங்கரில் மாட்டக் கூடாது, தோள்பட்டை இழுபட்டுத் தொங்கும். மடித்துத்தான் வைக்க வேண்டும்.

மின்சாதனமும் பேட்டரியும்

ஏர் கூலரை எடுத்துக்கொள்வோம். தொட்டி நீரை முழுதும் வடித்து, சேறும் உப்புப் படிவமும் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். படிவம் கெட்டியாக இருந்தால் வினிகர் கலந்த நீரை ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பம்பைக் கழற்றி அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு பம்பை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள், பக்கத்து அட்டைகள் உள்வரை காயட்டும். இதைச் செய்யாமல் உறை போட்டு மூடினால் அடுத்த வருடம் முதல் நாள் வரும் காற்றிலேயே பூஞ்சை வாடை அடிக்கும். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும்.

ஃபேன், ஹீட்டரின் தூசியைத் துடைக்காமல் வைத்தால், ஹீட்டரை முதல் முறை போடும்போது தீய்ந்த வாடை வரும். எண்ணெய் நிரப்பிய ஹீட்டரைப் படுக்கப்போடாதீர்கள், நிமிர்ந்தே இருக்கட்டும். வயரை உடம்பைச் சுற்றி இறுக்காமல் தளர்வான வளையமாகச் சுற்றி துணி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். உபயோகத்தில் இல்லாத ஃப்ரிட்ஜை வைப்பதானால் உலர்த்தி, கதவு இடுக்கில் மடித்த துணி ஒன்றைச் செருகி லேசாகத் திறந்தே வையுங்கள்.

பேட்டரி விஷயத்தில் இரண்டே விதி. சாதாரண அல்கலைன் செல் எதுவாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்: ரிமோட், டார்ச், பொம்மை, அலங்கார விளக்கு எல்லாவற்றிலிருந்தும். மாதங்கள் போனால் அது கசிந்து, தகட்டை அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூக்கும். சுவரில் நிற்கும் ஏசியை யாரும் பரணில் ஏற்றுவதில்லை, அதன் ரிமோட்டைத்தான் மறந்துவிடுகிறார்கள். லித்தியம் அயான் பேட்டரி உள்ள கருவிகளை 40 முதல் 60 சதவீத சார்ஜில், சூடில்லாத இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். முழு சார்ஜில் சூட்டில் கிடந்தால் ஆயுள் குறையும். முற்றிலும் வடிந்து கிடந்தால் மறுபடி எழுந்திருக்காது. ஈய அமில பேட்டரிக்கு இது நேர்மாறு: முழு சார்ஜில்தான் வைக்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சின் உள்ள புல்வெட்டியோ ஜெனரேட்டரோ இருந்தால், டேங்கை வடித்துவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் மெல்லிய துளைகளை அடைக்கும்.

தோல், ரப்பர், கூடாரம்

தோல் பொருளை பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி, காகிதம் திணித்து உருவத்தைக் காப்பாற்றுங்கள். கூடாரத்தையும் மழைக்கோட்டையும் ஈரத்தோடு மடித்தால் உள்பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது. குடையை விரித்துக் காயவைத்து, நாடாவைப் பூட்டாமல் வைக்கவும். பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ள ஷூக்களுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: போடாமல் வைத்தாலும் காற்றின் ஈரமே அதை உள்ளுக்குள் சிதைக்கும். புதிது போல இருக்கும் ஷூ சில வருடம் கழித்து முதல் நடையிலேயே தூளாக உதிரும். நடைப்பயணக் காலணிகளை ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்துவது வீண்.

எந்த நிலையிலும் ஏற்றக் கூடாதவை

எரிபொருள், கேஸ் சிலிண்டர், பெயிண்ட், தின்னர், ஸ்ப்ரே கேன், தீப்பெட்டி. வாடகைக் கிடங்கு எடுத்தாலும் இவற்றுக்குப் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும். உணவும், செல்லப்பிராணித் தீனியும், விதையும் எலியை அழைக்கும். மருந்து சூட்டில் வீரியம் இழக்கும். பத்திரம், பாஸ்போர்ட், சான்றிதழ், ஹார்ட் டிஸ்க், புகைப்பட ஆல்பம், மரத்தாலான இசைக்கருவி எல்லாம் ஆள் புழங்கும் அறையில் இருக்க வேண்டியவை.

கட்டி, எழுதி, அடுக்குதல்

அட்டைப்பெட்டி ஈரத்தை இழுக்கும், அதன் பசைக்குக் கரப்பானும் ராமபாணமும் வரும். ஒரு பருவத்துக்கு மேல் என்றால் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாதான். உள்ளே இருப்பது தெரியும் வகை எடுத்தால் பாதித் தேடல் மிச்சம். ஒரு டப்பா 15 கிலோவைத் தாண்டக் கூடாது. தலைக்கு மேல் தூக்குவதானால் அதிலும் பாதி. தரையில் வைப்பதை நாலு அங்குலம் உயர்த்தி மரச்சட்டத்தின் மேல் வையுங்கள், வெளிச்சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளுங்கள். மேலே சொன்ன பரண் கணக்கில் டப்பாவின் நீளம் 55 என்று எடுத்ததும் இந்த இடைவெளிக்காகவே.

ஒரு டப்பாவில் ஒரு பருவம். குளிர்த் துணியும் மழைப் பொருளும் கலந்துவிட்டால் இரண்டு முறை இறக்க வேண்டும். எண், உள்ளே இருப்பது, இறங்கும் மாதம் மூன்றையும் மேலே எழுதாமல் உங்களைப் பார்த்திருக்கும் பக்கத்தில் எழுதுங்கள். அடுக்கிய பிறகு மேல்பக்கம் தெரியாது. 'இதர' என்று எழுதும்படி ஒரு டப்பா வந்தால், அதைக் கொட்டி மறுபடி பிரியுங்கள். மூடும் முன் உள்ளே ஒரு படம் எடுத்து, அந்த எண்ணோடு போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூ, நட்டு, ரிமோட் போன்ற சின்னவற்றை சிறு பையில் போட்டு அந்தந்தப் பொருளின் மேலேயே ஒட்டிவிடுங்கள். முதலில் இறங்கப்போவது முன்வரிசையில், கனமானது அடியில்.

ஏற்றிய முதல் மாத முடிவில் ஏதேனும் ஒரு டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். மண் வாடை வந்தால் எல்லாவற்றையும் இறக்கிக் காயவைக்க வேண்டும்; இன்னும் கறை விழுந்திருக்காது. ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் வைத்திருந்தால் அவற்றில் உப்புநீர் தேங்கியிருக்கும். கவிழ்ந்தால் தோலும் உலோகமும் பாழ் என்பதால் அவற்றைத் துணிப்பெட்டிக்கு வெளியே, தட்டின் மேல் வைக்கவும்.

பருவம் வந்து இறக்கும்போது, பயன்படுத்தும் பொருளை மட்டும் வெளியே எடுத்து, தொடாதவற்றை டப்பாவிலேயே விடுங்கள். பருவம் முடியும்போது அதில் மிஞ்சியிருப்பவற்றை மறுபடி பரணில் ஏற்றாமல் நேராக வாசலுக்குக் கொண்டுபோங்கள்.